‘குற்றவாளிகள்’ என்று ஒரே வரியில்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில் 1946 பம்பாய் கடற்படை எழுச்சி பற்றிய கட்டுரையை இரண்டு முறை படித்தேன். முதல் முறை ஆசையாக. இரண்டாம் முறை, என் கண்ணாடியில் கோளாறா என்று பார்க்க. ‘ராணுவ நீதிமன்றத்தில் தண்டனை பெற்ற குற்றவாளிகள்’ என்று அத்தனை மாலுமிகளையும் ஒரே மூட்டையாகக் கட்டிவிட்டார் உங்கள் கட்டுரையாளர்.

பிப்ரவரி 18-ஆம் தேதி ‘தல்வார்’ பயிற்சித் தளத்தில் மோசமான சாப்பாட்டையும் அதிகாரியின் வசவையும் எதிர்த்துத் தொடங்கியது அது என்பது தாங்கள் அறியாததா? அடங்கிய பிறகு 476 பேரை வேலையிலிருந்து நீக்கியதாகக் கணக்கு. நீக்குவது வேறு, படைக்குள்ளேயே அதிகாரிகள் உட்கார்ந்து விசாரிக்கும் கோர்ட் மார்ஷல் வேறு. கேப்டன் தன் மேஜைக்கு முன் நிறுத்தித் தானே தண்டனை கொடுப்பது இன்னொன்று. பிரிட்டனின் 1866 கடற்படை ஒழுங்குச் சட்டத்தை 1934-இல் ஒரு சட்டம் போட்டு நம் பையன்கள் தலையிலும் கட்டியிருந்தார்கள். நமக்கென்று கடற்படைச் சட்டம் வந்தது 1957-இல்தான். யாருக்கு என்ன நடந்தது என்பதைத் தாள்களைப் பார்த்தால்தான் சொல்ல முடியும்.

அப்புறம் அந்த ‘ராணுவ நீதிமன்றம்’. கப்பலில் இருப்பவன் ராணுவத்தான் இல்லை ஐயா. முன்பு கடற்படை அதிகாரி நானாவதி மீதான கொலை வழக்கையும் கோர்ட் மார்ஷல் என்று எழுதினீர்கள். அதை ஜூரிகளோடு விசாரித்தது பம்பாய் செஷன்ஸ் நீதிமன்றம். அப்போதும் எழுதினேன். பதில் இல்லை.

நான் கடற்படையில் ரைட்டராக இருந்தவன். ரைட்டர் என்றால் கதை எழுதுகிறவன் இல்லை, குமாஸ்தா. கோர்ட் மார்ஷல் நடவடிக்கைகளைக் கேள்வியும் பதிலுமாகத் தட்டச்சு செய்த விரல்கள் இவை. ஓய்வுக்குப் பிறகு அந்தக் காலத்துக் குற்றப்பத்திரிகை, நீக்க உத்தரவு, மனு நகல் என்று சேர்த்து வருகிறேன். கிடைப்பது குறைவு. ஒரு வீட்டுக்கு இரண்டு பஸ் மாறிப் போனேன். “அப்பா பேப்பரா? போன மாசம்தான் எடைக்குப் போட்டோம்” என்றார் மகன். இன்னொரு வீட்டில் தாத்தாவின் டிரங்குப் பெட்டியைத் திறக்கவே விடவில்லை. வெளியே தெரிந்தால் பேத்திக்கு வரன் பார்ப்பது கெடுமாம். உள்ளே இருந்தது நீக்க உத்தரவோ, வேறு எதுவோ, எனக்குத் தெரியாது. பிறகு அதை எரித்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன். அந்த வீட்டிலும் உங்கள் பத்திரிகைதான் வாங்குகிறார்கள்.

ஒரு பெரிய நூலகத்திற்கு என் சேகரிப்பை இலவசமாகத் தர முன்வந்தேன். பைண்டு செய்து, பட்டியல் போட்டு, மூன்று பிரதியில் விண்ணப்பிக்கச் சொன்னார்கள். சரி, அந்தக் கதை இன்னொரு கடிதத்திற்கு ஆகும்.

திருத்தம் போடுவீர்கள் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை. போட்டாலும் குறுக்கெழுத்துக்குக் கீழே போடுவீர்கள். இரண்டே வரி போடுங்கள், போதும்: ‘வீட்டில் பழைய கடற்படைத் தாள்கள் இருந்தால் எரிக்காதீர்கள். தண்டனைத் தாளாக இருந்தாலும் சரி. ஒரு நகல் எடுத்துக்கொண்டு மூலத்தை உங்களிடமே திருப்பித் தர ஆள் இருக்கிறது.’ நகல் எடுக்கும் செலவு என்னுடையது.

இப்படிக்கு,
பழைய சந்தாதாரர், ஓய்வுபெற்ற கடற்படை ரைட்டர்