நிறுவல் முகாம் நண்பர்களுக்கு: இருக்கிற பூட்லோடரைத் தொடாமல் விட்டுவிடுங்கள்

கல்லூரிகளில் லினக்ஸ் நிறுவல் முகாம் நடத்தும் நண்பர்களுக்கு,

வணக்கம். விடுமுறை நாளில் பென் டிரைவும் கையுமாக வந்து நிற்கும் உங்களில் நானும் ஒருவன். அந்த உரிமையில்தான், கணினியைத் திறந்ததும் இயங்குதளத்தைத் துவக்கிவைக்கும் சிறு நிரலான பூட்லோடர் பற்றி இதை எழுதுகிறேன்.

சில மாதங்களுக்கு முன் ஒரு முகாமுக்கு முதலாண்டு மாணவி ஒருவர் வீட்டு லேப்டாப்பைக் கொண்டுவந்தார். விண்டோஸை அப்படியே விட்டுவிட்டு, வெளியே செருகும் எஸ்எஸ்டியில் லினக்ஸ் போட்டுத் தரச் சொன்னார். போட்டுக் கொடுத்தேன், நன்றாக ஓடியது. வீட்டுக்குப் போய் எஸ்எஸ்டியைக் கழற்றிவிட்டுத் திறந்தால், கறுப்புத் திரையில் ‘கிரப்’ என்ற ஒரு சொல்லும் கர்சரும் மட்டும். அப்பாவின் கடைக் கணக்கு முழுவதும் அதற்குள் இருந்தது. ஃபோனில் வழிசொல்லி, பூட் மெனுவில் விண்டோஸ் பூட் மேனேஜரைத் தேர்ந்தெடுக்க வைத்தேன். ஒரு கோப்பும் போகவில்லை. ஆனால் அந்த அரை மணி நேரம் அந்த வீடு பட்ட பயத்துக்கு நான்தான் காரணம்.

நடந்தது இதுதான். லினக்ஸ் எஸ்எஸ்டியில் இருந்தது. அதைத் துவக்கும் பூட்லோடரான கிரப் மட்டும் லேப்டாப்பின் உள்வட்டில், துவக்க நிரல்களுக்கென்றே ஒதுக்கிய இஎஃப்ஐ பார்ட்டிஷனில் போய் உட்கார்ந்து, பூட் வரிசையில் முதலிடத்தையும் பிடித்துவிட்டது. அதன் மெனு எஸ்எஸ்டியில் இருந்ததால், கழற்றியதும் அடுத்து எங்கே போவதென்று அதற்குத் தெரியவில்லை. இஎஃப்ஐ இல்லாத பழைய பயாஸ் கணினி என்றால் நிலைமை இன்னும் மோசம். வட்டின் முதல் 512 பைட்டில் துவக்க நிரலுக்கு இருக்கும் இடமே 446 பைட். புதிது வந்தால் பழையது அழிந்துவிடும். வட்டை மறைகுறியாக்கும் பிட்லாக்கர் போட்ட விண்டோஸோ, துவங்கும் பாதை மாறியதைப் பார்த்து 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கக்கூடும். அதை எத்தனை மாணவர்கள் எழுதி வைத்திருப்பார்கள்?

பார்ட்டிஷன் பிரிக்கும்போது நாம் எல்லோரும் பலமுறை சரிபார்க்கிறோம். பூட்லோடர் எங்கே எழுதப்படுகிறது என்பதை மட்டும் ‘அடுத்து’, ‘அடுத்து’ என்று தட்டிக் கடந்துவிடுகிறோம். இத்தனைக்கும் அதை நிறுத்த வழி இருக்கிறது. உபுண்டுவின் பழைய நிறுவியான யுபிக்விட்டியை டெர்மினலில் ‘ஹைபன் பி’ சேர்த்து இயக்கினால் பூட்லோடர் பக்கமே போகாது. டெபியனின் எக்ஸ்பர்ட் முறையில் பூட்லோடர் இல்லாமல் தொடர்வதற்குத் தனி வரியே உண்டு. ஓப்பன்சூசேயின் யாஸ்ட் நிறுவியில் நிறுவலுக்கு முன் வரும் சுருக்கப் பக்கத்தில் மாற்றலாம். ஃபெடோராவை, நிறுவல் தெரிவுகளை முன்கூட்டியே எழுதிவைக்கும் கிக்ஸ்டார்ட் கோப்பு வைத்து நிறுவுபவர்கள் பூட்லோடர் வரியில் லொக்கேஷனை ‘நன்’ (none) என்று கொடுத்தால் போதும்.

சரி, பூட்லோடர் போடாவிட்டால் புதிய லினக்ஸ் எப்படித் துவங்கும்? கணினியில் ஏற்கெனவே ஒரு லினக்ஸ் இருந்தால் கவலையே இல்லை. அதற்குள் போய், கிரப் மெனுவைப் புதுப்பிக்கும் அப்டேட்-கிரப் கட்டளையை ஓட்டினால் புதியதும் மெனுவில் வந்துவிடும். ஆனால் 2021-இல் வந்த கிரப் 2.06 முதல், மற்ற இயங்குதளங்களைத் தேடும் ஓஎஸ்-புரோபர் இயல்பாக அணைந்தே இருக்கிறது. அதற்கான அமைப்பை முதலில் மாற்ற வேண்டும். புதிய லினக்ஸில் அதன் மையப்பகுதியான கெர்னல் மாறும்போதெல்லாம் பழையதில் மறுபடி அப்டேட்-கிரப் ஓட்ட வேண்டியிருக்கும். இதை மாணவரிடம் சொல்லி அனுப்புங்கள்.

என் கதையில் வந்ததுபோல் வெளி வட்டு என்றால், அந்த வட்டிலேயே தனி இஎஃப்ஐ பார்ட்டிஷன் உருவாக்குங்கள். பூட்லோடர் இல்லாமல் நிறுவி முடித்து, அப்புறம் கிரப்-இன்ஸ்டால் கட்டளையை ‘ரிமூவபிள்’ என்ற தெரிவுடன் அந்தப் பார்ட்டிஷனுக்கு மட்டும் ஓட்டுங்கள். லேப்டாப்பின் பூட் வரிசையில் அது கை வைக்காது. கூடுதலாகப் பத்து நிமிடம் பிடிக்கும். முகாமில் வரிசை நீளும், தெரியும். இருந்தாலும் செய்யுங்கள்.

இன்னொரு வேண்டுகோள். பதிவுப் படிவத்தில் ‘இந்தக் கணினியை வீட்டில் வேறு யாராவது பயன்படுத்துகிறார்களா?’ என்று ஒரு கேள்வி சேருங்கள். வேலை முடிந்ததும் பென் டிரைவ், எஸ்எஸ்டி எல்லாவற்றையும் கழற்றி, பழைய இயங்குதளம் துவங்குகிறதா என்று உரிமையாளர் கண்முன்னே ஒருமுறை காட்டிவிட்டுக் கொடுங்கள். அந்த மாணவிக்கு நான் அதைச் செய்யாமல் அனுப்பிவிட்டேன்.

அன்புடன்,
உங்களோடு மேசை போட்டு உட்காரும் ஒரு தன்னார்வலர்