பெல்ட் ஏன் கத்துது என்று கேட்டாயே

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் நலம். காலையில் செல்ப் அடித்ததும் கார் கிறீச்சென்று கத்துகிறது, கொஞ்ச நேரத்தில் தானாக நின்றுவிடுகிறது, அப்படியே விடலாமா என்று போனில் கேட்டாய். நீ ஆபீஸ் போகிற அவசரத்தில் இருந்ததால் அப்போது விளக்கமாகச் சொல்லவில்லை. விடக்கூடாது, கண்ணு. பொங்கலுக்குப் பெங்களூரிலிருந்து காட்பாடி வரைக்கும் 200 கிலோமீட்டருக்கு மேல் தனியாக ஓட்டிக்கொண்டு வரப்போகிறாய். அதற்கு முன்னால் இதைப் பார்த்து முடித்துவிடு.

அது ஏன் ஸ்டார்ட் பண்ணும்போது மட்டும் கத்துகிறது தெரியுமா? செல்ப் அடிக்கும்போது பேட்டரியிலிருந்து ஏகப்பட்ட கரண்ட் போய்விடுகிறது. இஞ்சின் ஓட ஆரம்பித்ததும் அதைத் திருப்பி நிரப்புவது ஆல்டர்னேட்டர், நம் பட்டறைப் பேச்சில் டைனமோ. அந்த நேரத்தில் டைனமோவைச் சுற்றுவதற்கு அதிக பலம் வேண்டும். அந்தப் பலத்தைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது பெல்ட்தான். அது தொய்ந்தோ தேய்ந்தோ போயிருந்தால், தான் சுற்றி ஓடுகிற சக்கரத்தை, அதாவது புல்லியை, பிடிக்காமல் வழுக்கும். நீ கேட்கிற சத்தம் அதுதான். பேட்டரி கொஞ்சம் நிரம்பியதும் பாரம் குறைகிறது, சத்தமும் நிற்கிறது. நின்றுவிட்டதால் சரியாகிவிட்டது என்று அர்த்தமில்லை. மார்கழிப் பனியில் பெல்ட் ஈரமாக இருந்தால் இன்னும் அதிகமாகக் கத்தும்.

மெக்கானிக்கிடம் போனால் "பெல்ட்டை மாத்திடலாம் மேடம்" என்பதுதான் முதல் பேச்சாக இருக்கும். மாற்ற வேண்டியிருக்கலாம், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் ஏன் வழுக்குகிறது என்று பார்க்காமல் புது பெல்ட்டைப் போட்டால் கொஞ்ச நாளில் அதுவும் கத்தும்.

முதலில் நீயே பார். இஞ்சின் ஆறியிருக்க வேண்டும், சாவி உன் பையில் இருக்க வேண்டும். துப்பட்டாவைக் கழற்றி வைத்துவிடு, முடியை முடிந்துகொள். பானட்டைத் திறந்து டார்ச் அடித்தால் இஞ்சினின் பக்கவாட்டில் பெல்ட் தெரியும். உள்பக்கம் நீளவாக்கில் வரிவரியாகப் பள்ளம் இருக்கும். அந்த வரிகளைப் பார். நல்ல பெல்ட் மங்கலான கறுப்பாக இருக்கும். வழுக்கி வழுக்கிச் சூடேறிய பெல்ட் பழைய தோசைக்கல் மாதிரி பளபளக்கும். ஓரத்தில் நூல் பிரிந்திருக்கிறதா, வரியில் துண்டு பெயர்ந்திருக்கிறதா என்றும் பார். வெடிப்பு இல்லை, அதனால் நல்ல பெல்ட் என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதே. இப்போது வருகிற ஈபிடிஎம் ரப்பர் சுலபத்தில் வெடிக்காது, டயர் போலத் தேய்ந்துதான் போகும். வரிகளுக்கு நடுவே பள்ளம் அகன்று போயிருந்தால் பெல்ட்டின் ஆயுள் முடிந்தது. உன் வண்டி சத்துவாச்சாரியில் நிழலே இல்லாமல் தெருவில் நின்ற வண்டி. வேலூர் வெயில் உனக்குத் தெரியும். அதில் கிடந்த ரப்பர் இறுகிப் போயிருந்தால் ஆச்சரியமில்லை.

விரலால் தொட்டுப் பார். பிசுபிசுப்பாக இருந்தால் எங்கேயோ ஆயில் கசிகிறது. வாட்டர் பம்ப் பக்கம் பச்சையாகவோ சிவப்பாகவோ காய்ந்த கறை இருந்தால் இஞ்சினைக் குளிரவைக்கிற கூலன்ட் கசிகிறது. கசிவை நிறுத்தாமல் பெல்ட் வாங்குவது வீண் காசு.

அடுத்து தண்ணீர். இதற்கு ஒரு ஆள் துணை வேண்டும். சத்தம் வரும்போது ஸ்ப்ரே பாட்டிலால் கொஞ்சம் எட்ட நின்று பெல்ட்டின் வரிப்பக்கம் லேசாக அடிக்கச் சொல். ஓடுகிற பெல்ட் பக்கம் கை போகவே கூடாது. சத்தம் இன்னும் ஏறினால் பெல்ட் டைட் போதவில்லை. உன் வண்டியில் தானாக இழுத்துப் பிடிக்கிற டென்ஷனர் இருந்தால் அதன் ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம். தண்ணீர் பட்டதும் சத்தம் அடங்கி, கொஞ்ச நேரத்தில் திரும்ப வந்தால் ஏதோ ஒரு புல்லி நேர்கோட்டில் இல்லை. அப்படிப்பட்ட சத்தம் பெரும்பாலும் நீளமாகக் கத்தாது, கீச் கீச்சென்று விட்டுவிட்டு வரும், ஆக்சிலேட்டர் கொடுத்தால் அதுவும் வேகமாகும்.

உறுமல் மாதிரி, கரகரவென்று, நிற்காமல் வந்தால் அது புல்லியைத் தாங்கிச் சுழலவிடுகிற பேரிங். பெல்ட்டைக் கழற்றி ஒவ்வொரு புல்லியையும் கையால் சுற்றிப் பார்த்தால் எது கரகரக்கிறது, எது ஆடுகிறது என்று தெரிந்துவிடும். இதை மெக்கானிக் செய்யட்டும், நீ பக்கத்தில் நின்று பார்.

பேட்டரியை மறந்துவிடாதே. ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் 12.6 வோல்ட் சுமார் இருக்க வேண்டும், இஞ்சின் ஓடும்போது 14க்குப் பக்கத்தில் வர வேண்டும். பேட்டரி சோர்ந்திருந்தால் டைனமோ தினமும் காலையில் ரொம்ப நேரம் பாரம் இழுக்கும், பெல்ட்டும் அவ்வளவு நேரம் வழுக்கும். டெர்மினலில் வெள்ளையாகப் பூத்திருந்தால் சுத்தம் பண்ணச் சொல்.

யாராவது பெல்ட்டில் ஸ்ப்ரே அடித்துச் சத்தத்தை நிறுத்தித் தருகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடு. சத்தம் நிற்கும், கோளாறு உள்ளேயே இருக்கும். அந்த ஸ்ப்ரேயின் பிசின் மேல் தூசி ஒட்டி பெல்ட் இன்னும் கெடும். அதேபோல் சத்தம் போக வேண்டும் என்று அளவுக்கு மேல் இறுக்கவும் விடாதே, டைனமோ பேரிங் போய்விடும்.

பெல்ட் அறுந்தால் என்ன ஆகும் என்றும் சொல்லிவிடுகிறேன். முதலில் மீட்டரில் சிவப்பாக பேட்டரி விளக்கு எரியும். சில வண்டிகளில் ஸ்டீயரிங் கனத்துவிடும். வாட்டர் பம்பும் அதே பெல்ட்டில் ஓடினால் சூட்டு முள் சரசரவென்று ஏறும். கிருஷ்ணகிரி தாண்டி வரும்போது அப்படி ஆனால் ஆம்பூர் வரைக்கும் ஓட்டிவிடலாம் என்று நினைக்காதே. ஓரம் கட்டி, இஞ்சினை நிறுத்திவிட்டு எனக்குப் போன் பண்ணு. ரேடியேட்டர் மூடியைத் திறக்காதே. எந்த நேரமானாலும் நான் கிளம்பி வருகிறேன்.

நாளைக் காலையில் பானட்டைத் திறந்து வைத்து, செல்ப் அடிப்பதற்கு முன்னாலிருந்தே அந்தச் சத்தத்தைப் போனில் வீடியோ எடுத்து அனுப்பு. சத்தம் நின்ற பிறகு ஹெட்லைட்டும் ஏசியும் போட்டுப் பார், திரும்பக் கத்துகிறதா என்று அதிலேயே தெரியட்டும். அதைக் கேட்டுவிட்டு மெக்கானிக்கிடம் நான் பேசுகிறேன்.

இப்படிக்கு,
அப்பா
காட்பாடி