72 கண்ணி

பழைய வண்ணாரப்பேட்டை,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள ஜெயாவுக்கு,

நலம், நலமறிய ஆவல். உன் கடிதம் செவ்வாய்க்கிழமையே வந்துவிட்டது. உடனே எழுத முடியவில்லை, கோபித்துக்கொள்ளாதே. மார்கழி நெருங்குகிறது. எங்கள் தெருவில் காலையில் பால் வாங்கப் போகும் தாத்தாக்கள் எல்லாருக்கும் மங்கி குல்லா வேண்டும். நம்ம ஊர்க் குளிருக்கு எதற்கென்று வெளியூர்க்காரர்கள் கேட்கலாம். பனியில் காது மூடாமல் போனால் சளி பிடிக்கும் என்று இங்கே யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். பதினோரு குல்லா முடித்துக் கொடுத்துவிட்டு இப்போதுதான் பேனாவை எடுக்கிறேன்.

"வேலையை விட்டுட்டு குரோஷா பின்னி விக்கப் போறேன்னு நிக்கிறா. நீயே சொல்லுடி, இது சோறு போடுமா?" என்று உன் பெண்ணைப் பற்றி எழுதியிருந்தாய். போடும் ஜெயா. எனக்கு நாலு வருஷமாகப் போடுகிறது. அதற்கு முந்தைய ஒன்றரை வருஷம் போடவில்லை. அந்த ஒன்றரை வருஷத்தில் நடந்ததுதான் அவளுக்குத் தெரிய வேண்டும்.

அப்பாவை உனக்கு ஞாபகம் இருக்கும். பின்னி மில்லில் தறி ஓட்டியவர். 1996இல் மில்லை மூடிய பிறகு கைக்கு வேலையில்லாமல் வாசலில் உட்கார்ந்திருப்பார். நான் பக்கத்தில் உட்கார்ந்து பின்னிக்கொண்டிருப்பேன். நம்ம ஊசிவேலை மிஸ், பெரம்பூரிலிருந்து கவுன் போட்டுக்கொண்டு வருவார்களே, அவர்கள் சொல்லிக்கொடுத்த அதே பின்னல். ஒருநாள் அப்பா என் கையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்: "எங்களுக்குப் பாவு வேணும், ஊடை வேணும், நாடா வேணும். உனக்கு ஒத்தை நூலு போதும். ஆனா முனைய இழுத்தா மொத்தமும் வந்துடும், பாத்துக்க." துணியை முப்பது வருஷம் பார்த்த மனுஷன். ஒரே பார்வையில் நெசவுக்கும் பின்னலுக்கும் உள்ள வித்தியாசத்தைச் சொல்லிவிட்டார்.

துறைமுகத்துப் பக்கம் நான் கணக்கெழுதிய ஆபீஸை மூடியபோது எனக்கு 46 வயது. ஊசியையும் நூலையும் நம்பி உட்கார்ந்தேன். முதலில் ஸ்வெட்டர் பின்னினேன். ஒன்றுக்குப் பத்துப் பன்னிரண்டு நாள். பார்த்தவர்கள் எல்லாரும் தொட்டுப் பார்த்துப் புகழ்ந்தார்கள், வாங்கவில்லை. அவர்கள்மேல் தப்பில்லை. பின்னலாடை என்றால் திருப்பூர்தான். அங்கே மெஷின் போடுவதும் நான் போடும் அதே கண்ணிதான், அதே நூல் வளையம்தான். காலுறை பின்னும் இயந்திரத்தை இங்கிலாந்தில் 1589லேயே வில்லியம் லீ என்பவர் செய்துவிட்டார். அதனோடு விலையில் மோத என்னால் ஆகாது. மெஷினால் செய்ய முடியாதது எது, பக்கத்தில் இருப்பவருக்கு மட்டும் செய்து தரக்கூடியது எது என்று தேட வேண்டியிருந்தது.

அது ஆர்.எஸ்.ஆர்.எம். ஆஸ்பத்திரியில் கிடைத்தது. அக்கா மகளுக்கு அங்கே பிரசவம். குறைமாதக் குழந்தை, கடையில் வாங்கிய குல்லா கழுத்துவரை இறங்கியது. அந்த இரவே உட்கார்ந்து அதன் தலைக்கு ஒன்று பின்னிக் கொண்டுபோனேன். பக்கத்துக் கட்டில் பாட்டி, "எங்க புள்ளைக்கும் ஒண்ணு போட்டுக் குடும்மா, காசு தரேன்" என்றார். அந்த வாரத்தில் ஐந்து பேர். பச்சைக் குழந்தைக்குத் தலைவழியாகத்தான் சூடு நிறைய இறங்கும். சித்திரை வெயிலில் பிறந்தாலும் நம் வீடுகளில் குல்லா போடாமல் வீட்டுக்கு எடுத்துவர மாட்டார்கள்.

அப்புறம் ஒரு பெரிய அடி. ஒருவர் பேரன் பிறந்த சந்தோஷத்தில் ஆஸ்பத்திரியில் பிறந்த குழந்தைகளுக்கெல்லாம் கொடுக்க 20 குல்லா கேட்டார். மாதம் நிறைந்து பிறந்த குழந்தைக்குத் தலைச்சுற்று 34, 35 செ.மீ. இருக்கும். குல்லா அதைவிடக் கொஞ்சம் சின்னதாக இருந்தால்தான் பிடித்து நிற்கும். 10 செ.மீ.க்கு 22 கண்ணி வரும் நூலில் 72 கண்ணி போட்டால் கிட்டத்தட்ட 33 செ.மீ. அது என் வழக்கமான கணக்கு. இந்தத் தடவை பாரிமுனையில் வேறு உல்லன் வாங்கினேன், மெத்தென்று இருந்தது, நிறமும் அழகு. சாம்பிள் பின்னிப் பார்க்காமல் அப்படியே 72 போட்டுவிட்டேன். அந்த நூலில் 10 செ.மீ.க்கு 20 கண்ணிதான் வந்திருக்கிறது. 36 செ.மீ. ஆகிவிட்டது. இருபதும் கண்ணை மறைத்துக்கொண்டு மூக்கில் வந்து நின்றன. அழுதுகொண்டே பிரித்தேன். அப்பா சொன்ன மாதிரி முனையை இழுத்தால் மொத்தமும் வந்தது. சுருண்டு சுருண்டு கிடந்த நூலை நனைத்து, கீழே கனம் கட்டி, மொட்டை மாடிக் கொடியில் தொங்கவிட்டேன். இரண்டு நாளில் நேரானது. திரும்பவும் பின்னினேன். அன்றிலிருந்து புது நூல் வந்தால் ஒரு சதுரம் பின்னி, கழுவி, காயவைத்து, அப்புறம்தான் ஸ்கேல் வைத்து எண்ணுகிறேன். கழுவாமல் எண்ணினால் அந்த எண் பொய்.

விலை விஷயம் இதைவிடக் கஷ்டமாக இருந்தது. ஒரு குல்லாவுக்கு 45 ரூபாய் நூல், 150 ரூபாய்க்கு விற்றேன். லாபம் என்று நினைத்தேன். ஒருநாள் கடிகாரத்தைப் பக்கத்தில் வைத்துப் பின்னினேன். மூன்று மணி நேரம். ஆக, மணிக்கு 35 ரூபாய். பத்தொன்பது வருஷம் அடுத்தவர் கணக்கை எழுதியவள், என் நேரத்தைக் கணக்கில் எழுதவே இல்லை. பிடித்த வேலை என்பதால் அதற்குக் கூலி கேட்கக் கூச்சமாக இருந்தது ஜெயா, வேறொன்றும் இல்லை. இப்போது 350. கொஞ்சம் பேர் வருவதை நிறுத்திவிட்டார்கள். மிச்சம் இருப்பவர்கள் அடுத்த பிள்ளைக்கும் வருகிறார்கள்.

அவர்கள் திரும்பி வருவதற்கு ஒரு காரணம் உண்டு. கையுறை, காலுறை எதுவானாலும் உள்பக்கத்தை வெளியே திருப்பி ஜன்னல் வெளிச்சத்தில் ஒவ்வொன்றாகப் பார்ப்பேன். உள்ளே ஒரு நூல் நீண்டு தொங்கினால் போதும், குழந்தையின் விரலில் சுற்றி இறுக்கி ரத்தத்தை நிறுத்திவிடும். குழந்தைக்குச் சொல்லத் தெரியாது, அழத்தான் தெரியும். இதில் நான் அவசரப்பட்டதே இல்லை.

இனி உன் பெண்ணின் குரோஷா. ஒரு விதத்தில் அவள் என்னைவிட நல்ல இடத்தில் இருக்கிறாள். என் பின்னலை மெஷின் செய்யும். ஒற்றைக் கொக்கி ஊசியால் போடும் குரோஷாவை அச்சு அசலாகச் செய்ய மெஷின் கிடையாது. கடையில் அசல் குரோஷா எதைப் பார்த்தாலும் யாரோ ஒருவர் கையால் போட்டதுதான். அது மலிவாகக் கிடந்தால், அந்தக் கைக்கு என்ன கொடுத்திருப்பார்கள் என்று அவளை யோசிக்கச் சொல்.

அவள் போடும் குரோஷா பொம்மைகளை மட்டும் நம்பியிருக்க வேண்டாம் என்றும் சொல். தானே யோசித்துச் செய்ததை அளவோடு எழுதி விற்கலாம். ராவல்ரி என்று பின்னல்காரர்களுக்கான இணையதளம் 2007லிருந்து இருக்கிறது. உலகம் முழுக்க அதில் செய்முறையை வாங்குகிறார்கள். ஒரு தடவை எழுதினால் நூறு பேர் வாங்கலாம், மணிக்கணக்குப் பிரச்சினை அங்கே இல்லை. ஆனால் எழுதுவது அமெரிக்க முறையா பிரிட்டிஷ் முறையா என்று முதல் வரியிலேயே சொல்லிவிட வேண்டும். அமெரிக்காவில் சிங்கிள் குரோஷே என்று சொல்லும் கண்ணிக்கு பிரிட்டனில் டபுள் குரோஷே என்று பெயர். இது தெரியாமல் என் மாணவி ஒருத்தி மேஜை விரிப்பைப் பாதிவரை போட்டுப் பிரித்தாள்.

ஆமாம், மாணவி. சனிக்கிழமை மாடியில் ஆறு பேருக்குச் சொல்லித்தருகிறேன். வருமானத்தில் பாதி அதில்தான் வருகிறது. சிறுதொழில் செய்பவர்களுக்கான அரசின் உத்யம் பதிவும் செய்துவிட்டேன். அது இலவசம், ஆதாரும் பான் எண்ணும் இருந்தால் ஆன்லைனில் முடிந்துவிடும். பணம் கேட்பவர்களிடம் அவள் ஏமாந்துவிடாமல் பார்த்துக்கொள்.

மணிக்கட்டு வலி வரும், அதையும் மறைக்காமல் சொல். போன வருஷம் ஒரு மாதம் ஊசியையே தொட முடியவில்லை. இப்போது முக்கால் மணிக்கு ஒருமுறை எழுந்து நடக்கிறேன். ராத்திரி ஆர்டர் எதையும் தொடுவதில்லை. படுக்கும் முன் அரை மணி நேரம், யாரும் கேட்காத ஒரு சால்வை. எட்டு மாதமாகப் போகிறது. விலை கேட்டார்கள், கொடுக்க மாட்டேன் என்றேன்.

பொங்கல் லீவில் பெண்ணை அனுப்பு. பத்து நாள் என்னோடு இருக்கட்டும். வண்ணாரப்பேட்டையில் மெட்ரோ ஏறினால் உயர்நீதிமன்றம் இரண்டாவது நிறுத்தம், பாரிமுனைக்குக் கூட்டிப்போய் நூல் பார்க்கப் பழக்குகிறேன். வரும்போது அவள் போட்டதில் ஒன்றை, மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவி எடுத்துவரச் சொல். புதுசாக வேண்டாம்.

உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? அடுத்த கடிதத்தில் அதை எழுது.

உன்,
ஸ்டெல்லா