நாய்க்கு வலி மாத்திரை கேட்டு வருகிறவர்களுக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கும்பகோணத்தில் மருந்துக் கடை நடத்துகிறேன். இரவு ஒன்பது மணிக்கு மேல் யாராவது சீட்டு இல்லாமல் தயங்கித் தயங்கிப் படியேறினால், பாதி நேரம் அவர் என்ன கேட்கப் போகிறார் என்று எனக்குத் தெரிந்துவிடும். "அம்மா, நாய்க்குக் கழுத்திலோ முதுகிலோ ஏதோ வலி. தொட்டால் கத்துகிறது. காலையில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகிறோம். இப்போதைக்கு ஒரு வலி மாத்திரை மட்டும் கொடுங்கள்." பெரும்பாலும் வயதான நாய். பெரும்பாலும் அதைப் பிள்ளைபோல வளர்த்தவர்கள். கண் கலங்கித்தான் நிற்பார்கள்.

நான் கொடுப்பதில்லை. சிலர் கோபித்துக்கொள்கிறார்கள். "மனிதனுக்கே கொடுக்கிற மாத்திரைதானே?" என்று கேட்டுவிட்டு அடுத்த கடைக்குப் போகிறார்கள். அங்கே கிடைத்துவிடவும் செய்கிறது. உங்கள் நாளிதழில் நாய்களைப் பற்றி வருவதெல்லாம் கடி, வெறிநோய், தெருநாய் வழக்கு என்றே இருக்கிறது. வீட்டுக்குள் ஒரு கிழட்டு நாய் திடீரென்று கழுத்தை அசைக்க முடியாமல் நிற்கும்போது என்ன செய்வது என்று யாரும் எழுதுவதில்லை. அதனால் கடையில் நின்று தினமும் சொல்வதையே எழுத்தில் அனுப்புகிறேன்.

முதலில் கணக்கு. 60 கிலோ எடையுள்ள ஒருவர் 650 மில்லிகிராம் பாராசிட்டமால் விழுங்கினால், உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 11 மில்லிகிராம் அளவில் போகிறது. அதே மாத்திரையை 8 கிலோ நாய்க்குக் கொடுத்தால் கிலோவுக்கு 81 மில்லிகிராம், அதாவது ஏழு மடங்குக்கும் மேல். நாய்களுக்குப் பாராசிட்டமாலை அளவு பார்த்துக் கொடுக்கும் கால்நடை மருத்துவர்கள் உண்டு. ஆனால் அது எடையையும் ஈரலின் நிலையையும் பார்த்து அவர்கள் எடுக்கும் முடிவு. பூனைக்கோ சிறிதளவு கொடுத்தாலே அது உயிரைப் பறித்துவிடும். இதைச் சொல்லும்போதெல்லாம் பூனை வளர்ப்பவர்கள் திடுக்கிடுகிறார்கள்.

ஐபுபுரூஃபென், டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக் ஆகியவை இன்னும் மோசம். நாயின் இரைப்பையில் புண்ணாகி ரத்தம் கசியும், மலம் தார்போலக் கறுத்துப் போகும், சிறுநீரகம் செயலிழக்கும். வயதான நாய்க்குச் சிறுநீரகம் ஏற்கெனவே தளர்ந்திருக்கும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். டைக்ளோஃபெனாக்கைக் கால்நடைகளுக்குப் பயன்படுத்த 2006-லேயே இந்தியாவில் தடை வந்துவிட்டது. மருந்து ஏறிய மாடு செத்து, அதைத் தின்ற பாறுக் கழுகுகள் கூட்டம் கூட்டமாக மடிந்ததால் வந்த தடை அது. 2023-இல் அசிக்ளோஃபெனாக்கையும் அதே பட்டியலில் சேர்த்தார்கள். கழுகுக்காக வந்த சட்டத்துக்கும் நாய்க்கும் என்ன சம்பந்தம் என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு. விலங்குக்கு என்று தெரிந்தே அந்த மருந்தை எடுத்துக் கொடுப்பது எந்த மருந்தாளுநருக்கும் தகாது என்பதுதான் சம்பந்தம்.

இன்னொன்றும் அடிக்கடி நடக்கிறது. தோல் அரிப்புக்கென்று எப்போதோ வாங்கிய பிரட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை வீட்டில் மீந்திருக்கும். அதையும் கொடுத்து, கூடவே வலி மாத்திரையும் கொடுப்பார்கள். ஸ்டீராய்டும் வலி மருந்தும் சேர்ந்தால் நாயின் குடல் ஓட்டை விழும் அளவுக்குப் போகலாம். முதலில் என்ன கொடுத்தீர்கள் என்பதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். பயந்துகொண்டு மறைத்தால் அவர் தருகிற சரியான மருந்தே நாய்க்குக் கெடுதலாகிவிடும்.

ஆனால் மாத்திரையின் நச்சு பாதி ஆபத்துதான். மறு பாதியை எங்கள் வீட்டு பொன்னியை வைத்துச் சொல்ல வேண்டும்.

பொன்னி டாஷ்ஹண்ட் இனம். 11 வயது, 8 கிலோ. மார்கழியில் ஒரு நாள் காலை, சோற்றுக் கிண்ணத்தின் முன்னால் போய் நின்றாள். மோந்தாள், நாக்கை நீட்டினாள், ஆனால் தலை கீழே இறங்கவில்லை. கண்கள் மட்டும் சோற்றைப் பார்த்தன. பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். எப்போதும் வெடுக்கென்று திரும்புகிறவள், கழுத்தை அசைக்காமல் நான்கு கால்களையும் மெதுவாக மாற்றி வைத்து உடம்போடு திரும்பினாள். இடது முன்னங்காலைத் தரையில் ஊன்றாமல் சற்றே தூக்கிக்கொண்டிருந்தாள். கழுத்தில் உள்ளங்கையை வைத்தபோது தோலுக்கு அடியில் தசை துடித்துக்கொண்டே இருந்தது. என் கணவர் தூக்கப் போனார். அவள் போட்ட அலறலில் தெருவே எட்டிப் பார்த்தது.

பக்கத்து வீட்டுப் பெரியம்மா வந்து பார்த்துவிட்டு, "சுளுக்குத்தான், விளக்கெண்ணெய் தடவி நீவி ஒரு திருகு திருகினால் போய்விடும்" என்றார். எங்கள் தெருக் குழந்தைகளுக்கெல்லாம் சுளுக்கு எடுத்த கை அது. அவர்மேல் எனக்கு நிறைய மரியாதை உண்டு. ஆனாலும் வேண்டாம் என்று தடுத்துவிட்டேன். ஊரில் எத்தனையோ நாய்களுக்கு இப்படித்தான் கழுத்து திருகப்படுகிறது. தண்டுவடத்தை எது அழுத்துகிறது என்று தெரியாமல் திருகினால், வலியோடு நிற்கிற நாய் நான்கு காலும் விழுந்த நாயாகிவிடலாம். "வயதாகிவிட்டது, அப்படித்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனவர்களும் உண்டு. வயது ஒரு நாயை ஒரே இரவில் அலற வைக்காது. அதற்கு வேறு காரணம் இருக்கும்.

கால்நடை மருத்துவர் எடுத்தவுடன் கழுத்தைத் தொடவில்லை. வாலிலிருந்து தொடங்கி முதுகெலும்பை ஒவ்வொரு விரலிடையாக மெல்ல அழுத்திக்கொண்டே வந்தார். காதுக்குள் பார்த்தார், பல்லைப் பார்த்தார், வயிற்றை அமுக்கிப் பார்த்தார், காய்ச்சல் பார்த்தார், உண்ணிக் காய்ச்சலுக்கு ரத்தம் எடுத்தார். காதுக்குள் சீழ் பிடித்தாலும் தலையை அசைக்காது. வயிற்று வலியிலும் முதுகைக் கூனிக்கொண்டு நிற்கும். உண்ணியால் வரும் நோயில் மூட்டுகளும் கழுத்தும் வலிக்கும். முதுகெலும்பிலேயே கிருமித் தொற்றோ கட்டியோகூட வரலாம். இத்தனைக்கும் வெளியில் தெரிவது ஒரே அலறல்தான். அந்த நேரத்தில் கடை மாத்திரை கொடுத்து அதை அடக்கிவிட்டால், மருத்துவர் எதைக் கொண்டு கண்டுபிடிப்பார்?

பொன்னிக்கு வந்தது டிஸ்க் கோளாறு. நாயின் கழுத்தில் 7, மார்பில் 13, இடுப்பில் 7 என்று முள்ளெலும்புகள் இருக்கின்றன. பெரும்பாலானவற்றுக்கு இடையில் டிஸ்க் எனப்படும் மெத்தை போன்ற வட்டுகள் உண்டு. இளம் வயதில் வட்டின் நடுப்பகுதி இளநுங்கு போலக் குழைவாக இருக்கும். டாஷ்ஹண்ட், பீகிள், ஷிட்சு போன்ற குட்டைக்கால் இனங்களில் அது சீக்கிரமே முற்றிக் கெட்டியாகிவிடுகிறது. சோபாவிலிருந்து ஒரு குதி, படியில் ஒரு தாவல் போதும். சுற்றியிருக்கும் வளையம் கிழிந்து, கெட்டிப்பட்ட பகுதி தண்டுவடத்தின் மேல் பிதுங்கும். லாப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்டு போன்ற பெரிய நாய்களில், வயதான பிறகு வளையமே தடித்துக் கொஞ்சம் கொஞ்சமாகப் புடைத்து அழுத்துவது அதிகம். சாதாரண எக்ஸ்ரேயில் எலும்புதான் தெரியும், தண்டுவடம் தெரியாது. அதற்கு எம்.ஆர்.ஐ. அல்லது சி.டி. வேண்டும். எங்கள் பக்கத்து ஊர்களில் நாய்க்கு அது எளிதில் கிடைப்பதில்லை. கால் விழாத நிலையில், மருத்துவர்கள் பெரும்பாலும் மருந்தும் ஓய்வும் கொடுத்துத்தான் முதலில் பார்க்கிறார்கள்.

அந்த ஓய்வைப் பற்றித்தான் நான் அழுத்திச் சொல்ல வேண்டும். மருத்துவர் எடைக்கு ஏற்ற வலி மருந்தும், நரம்பு வலிக்குக் கபாபென்டினும் எழுதிக் கொடுத்துவிட்டு, "நான்கு முதல் ஆறு வாரம் கூண்டுக்குள் இருக்க வேண்டும். மருந்தைவிட இதுதான் முக்கியம்" என்றார். மூன்றாம் நாளே பொன்னிக்கு வலி குறைந்தது. வாலை ஆட்டினாள். தடுப்பில் முன்னங்காலை வைத்து எழுந்து நிற்கப் பார்த்தாள். அப்போதுதான் அந்தப் பேச்சின் பொருள் எனக்கு முழுதாக விளங்கியது. வட்டு இன்னும் ஆறவில்லை, வலி மட்டும் போய்விட்டது. அதுவரை அவளை அசையாமல் பிடித்து வைத்திருந்தது அந்த வலிதான். மருந்து அந்தப் பிடியை அவிழ்த்துவிடுகிறது. ஓய்வு இல்லாமல் வலி மாத்திரை மட்டும் விழுங்கிய நாய், குணமானதாக நினைத்து ஓடும், கட்டிலில் தாவும். பாதி பிதுங்கிய வட்டு முழுதாகப் பிதுங்கும். ராத்திரிக்கு ஒரு மாத்திரை கேட்டு வருகிறவர்களிடம் நான் மறுப்பதற்கு, நச்சைவிட இதுவே பெரிய காரணம்.

மாடிப்படிக்கு அடியில் பழைய கட்டில் சட்டங்களை வைத்து அவளுக்கு இடம் அடைத்தோம். நிற்க, திரும்ப, படுக்க மட்டும் இடம். வழவழப்பான தரையின் மேல் ரப்பர் விரிப்பு, அதன் மேல் சாக்கு. கிண்ணத்தை இரண்டு மணைப்பலகைகளை அடுக்கி அதன் மேல் வைத்தோம். சிறுநீர் கழிக்க மட்டும் தூக்கிக்கொண்டு போய் இறக்கிவிட்டோம். கழுத்துப் பட்டையை அன்றே கழற்றியாயிற்று. இப்போது ஹார்னஸ் எனப்படும் மார்புப் பட்டைதான். முதல் வாரம் அவள் முனகிய முனகலில் வீட்டில் எல்லோருக்கும் மனம் இளகியது. திறந்துவிடச் சொல்லிப் பேரக் குழந்தைகள் கெஞ்சினார்கள். திறக்கவில்லை. இப்போது நன்றாக நடக்கிறாள். சோபாவுக்கு ஒரு சாய்பலகை போட்டிருக்கிறோம். எடையையும் குறைத்துக்கொண்டிருக்கிறோம்.

எல்லா நாய்க்கும் இப்படி ஆற அமரப் பார்க்க நேரம் இருக்காது. நடை தள்ளாடுகிறதா, பின்னங்காலின் விரல்கள் மடங்கித் தரையில் இழுபடுகின்றனவா என்று பாருங்கள். நாய் நின்றுகொண்டிருக்கும்போது, உடம்பைத் தாங்கிப் பிடித்து, பாதத்தை மெல்ல மடக்கி அதன் மேல்புறம் தரையில் படும்படி வையுங்கள். நரம்பு நன்றாக இருந்தால் அந்தக் கணமே திருப்பி வைத்துவிடும். நாய் பாதத்தை மடங்கியபடியே வைத்திருந்தால் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். எழுந்து நிற்க முடியவில்லை, சிறுநீர் போகவில்லை என்றால் விடியும்வரைகூடக் காத்திருக்கக் கூடாது. பின்னங்கால்கள் விழுந்தும் விரலைக் கிள்ளினால் வலி உணர்கிற நாய்களில் பெரும்பாலானவை அறுவை சிகிச்சைக்குப் பிறகு நடந்துவிடும். அந்த உணர்வும் போய்விட்டால் வாய்ப்பு ஏறத்தாழப் பாதியாகிவிடுகிறது. மணிக்கணக்கில் கைநழுவுகிற வாய்ப்பு அது.

கொண்டுபோகும் விதமும் முக்கியம். எவ்வளவு சாதுவான நாயும் வலியில் கடிக்கும். முகத்தருகே முகத்தை வைத்துக் கொஞ்ச வேண்டாம். கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கவே கூடாது. நாங்கள் கடைக்கு மருந்து வரும் கெட்டி அட்டைப் பெட்டியைப் பிரித்து மடித்து, அதன் மேல் போர்வை விரித்து, பொன்னியை அதில் நகர்த்தி, இருவராகத் தூக்கிக் காரின் பின் இருக்கையில் வைத்தோம். பெரிய நாய்க்கு அலமாரிப் பலகை வேண்டும்.

இனி என் கோரிக்கைகள். சக மருந்துக் கடைக்காரர்களே, நாய்க்கென்று வெறுங்கையோடு மாத்திரை கேட்டு வருகிறவரை, அருகில் இருக்கும் கால்நடை மருத்துவமனையின் எண்ணைக் கொடுத்து அனுப்புங்கள். என் கல்லாவுக்குப் பக்கத்தில் அந்த எண்களை ஒட்டி வைத்திருக்கிறேன். கூடவே "அசையாமல் அடைத்து வையுங்கள், நீவாதீர்கள், மாத்திரை கொடுக்காதீர்கள்" என்று மூன்று வரி.

கால்நடை பராமரிப்புத் துறைக்கு: தாலுகா ஊர்களில் இரவில் ஒரு மருத்துவரை வைப்பது உடனே முடியாது என்றால், கால்நடை ஆம்புலன்சுக்கான 1962 என்ற இலவச எண்ணில் நாய், பூனை வளர்ப்போருக்கும் இரவு முழுவதும் முதல் ஆலோசனை சொல்ல ஆள் வேண்டும். மாட்டுக்கு ஊர்தி அனுப்புவதற்குக் குறுக்கே நிற்க நான் சொல்லவில்லை. ஒரு தொலைபேசிப் பேச்சு போதும். எங்கள் மாவட்டத்தில் ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அங்கே படிக்கும் பிள்ளைகளை ஒரு மூத்த மருத்துவரின் மேற்பார்வையில் இதற்குப் பயன்படுத்தினால் அவர்களுக்கும் பயிற்சியாகும்.

ஆசிரியர் அவர்களிடம் கேட்பது ஒன்றே ஒன்று. உங்கள் மருத்துவப் பக்கத்தில் மாதம் ஒரு முறையாவது கால்நடை மருத்துவர் ஒருவரை வாசகர் கேள்விகளுக்குப் பதில் எழுதச் சொல்லுங்கள். முதல் கேள்வியை நானே அனுப்புகிறேன்: கபாபென்டின் சிரப்புகளில் சிலவற்றில் நாய்க்கு ஆகாத சைலிட்டால் என்ற இனிப்பூட்டி இருக்கிறது. அதை லேபிளில் எப்படிப் பார்த்துக் கண்டுபிடிப்பது என்று வாங்குகிறவர்களுக்கும், விற்கிற எங்களுக்கும் அவர் விளக்க வேண்டும்.

இப்படிக்கு,
மருந்தாளுநர் ஒருவர்,
கும்பகோணம்.