பிற்பகல் 2 மணி முதல் 4 மணி வரை: நம் நகர் நலச் சங்கத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைவர், செயலாளர், நிர்வாகக் குழு உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

மேல்நிலைத் தொட்டிக்கு அடியில் இருந்து அதற்குத் தண்ணீர் ஏற்றும் கம்ப்ரசரைப் பற்றிப் பொதுக்குழுவிலும் பேசிவிட்டேன், எழுத்திலும் கொடுத்துவிட்டேன். ஆகையால் பழைய விவரங்களுக்குள் போகாமல், சென்ற வெள்ளிக்கிழமை நடந்ததை மட்டும் சொல்லி அதே கோரிக்கையை மறுபடி வைக்கிறேன். நாள்தோறும் பிற்பகல் 2 மணி முதல் 4 மணி வரை கம்ப்ரசரை நிறுத்தி வையுங்கள். அந்த நேரத்தில் சங்கத்தின் ஒலிபெருக்கியையும் போடாதிருங்கள்.

என் வீணை ஆசிரியை எழுபத்தைந்து வயதைக் கடந்தவர். தம் குருவின் எதிரே அமர்ந்து அவர் பாடம் செய்த கீர்த்தனைகள் சில, அந்தப் பாடாந்தரத்தில், அதாவது அந்தக் குருவழியில் வந்த வாசிப்பு முறையில், எங்கும் பதிவாகவில்லை. அவற்றை என் வீட்டில் பதிவு செய்ய முயன்று வருகிறேன். விரல் மூட்டுகளில் வலி வந்த பிறகு அவரால் நினைத்த நாளில் வாசிக்க முடிவதில்லை. வெள்ளிக்கிழமை வலி குறைந்திருந்ததால், தாமே ஆட்டோ பிடித்து மலையடிவாரத்தில் இருக்கும் என் வீடுவரை வந்து, சுருதி சேர்த்து, சகானா ராகத்தைத் தொடங்கினார். ஆலாபனை விரிந்துகொண்டிருந்தபோது கம்ப்ரசர் தடதடவென்று கிளம்பியது. சிறிது நேரத்தில் வாசல் கம்பத்து ஒலிபெருக்கியில் மைக் சோதனையும் சேர்ந்துகொண்டது. அவர் நிறுத்திவிட்டுக் காத்திருந்தார். சத்தம் அடங்குவதற்குள் விரல்கள் இறுகிவிட்டன. “இன்னொரு நாள் பார்த்துக்கலாம் கண்ணு” என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். அந்த இன்னொரு நாள் எப்போது வாய்க்கும் என்பது அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

இதில் கெட்டுப்போவது எது என்பதைச் சற்று விளக்க அனுமதியுங்கள். வீணையில் ஒவ்வொரு சுரத்துக்கும் தனித்தனியாக மீட்டுவதில்லை. சகானாவில் காந்தாரத்தை (க) மீட்டி, அந்த ஒரே மீட்டின் நாதம் அடங்குவதற்குள் தந்தியை இழுத்து மத்திமத்தை (ம) தொட்டு, ரிஷபத்துக்கு (ரி) இறங்குவார்கள். மீட்டிய கணத்தில் உரத்து எழும் நாதம் அப்போதிலிருந்தே தேயத் தொடங்குகிறது; ஆகையால் கடைசியாக வரும் ரிஷபம் காதைத் தீட்டிக் கேட்க வேண்டிய அளவுக்கு மெல்லியதாகவே இருக்கும். ராகத்தின் உயிர் இருப்பது அங்கேதான். பின்னணிச் சத்தம் முதலில் விழுங்குவதும் அதைத்தான். நாகஸ்வரமாக இருந்தால் இந்தக் கம்ப்ரசரை வென்றுவிடும், வீணையால் முடியாது.

வீட்டுக்குள் செய்யக்கூடியதையெல்லாம் செய்துவிட்டேன். பதிவு தொடங்குமுன் குளிர்சாதனப் பெட்டியையும் மின்விசிறியையும் அணைக்கிறோம். கதவின் அடியிடுக்குக்கு ரப்பர் பட்டை ஒட்டியிருக்கிறேன். ஏனென்றால் சுவரின் பரப்பில் நூற்றில் ஒரு பங்கு திறந்திருந்தாலும், மீதிச் சுவர் எவ்வளவு தடித்திருந்தாலும், அது ஏறத்தாழ 20 டெசிபலுக்கு மேல் ஒலியைத் தடுக்காது. ஒரு திசையில் மட்டும் கேட்கும் மைக்கை வாங்கி, அதன் முதுகைத் தொட்டியின் பக்கம் திருப்பி வைக்கிறேன். மைக்குக்கும் வீணைக்கும் உள்ள தூரத்தைப் பாதியாக்கினால் வீணையின் ஒலி சுமார் 6 டெசிபல் கூடும் என்பது உண்மை. ஆனால் மேலும் நெருங்கினால் தந்தியில் நகம் உரசுவதும் தந்திக்கு அடியில் வரிசையாக உள்ள உலோக மெட்டுகளின்மேல் விரல் நகர்வதும் இசையைவிட முந்திக்கொண்டு கேட்கின்றன. சுவரில் முட்டை அட்டை ஒட்டச் சொன்னார்கள். அட்டையோ பஞ்சோ அறைக்குள் எழும் எதிரொலியைக் கொஞ்சம் குறைக்குமே தவிர, வெளியிலிருந்து வரும் ஒலியைத் தடுப்பதற்கு அவற்றில் கனம் கிடையாது. சுவரின் கனத்தையே இரட்டிப்பாக்கினாலும் கூடுதலாகக் கிடைப்பது சுமார் 6 டெசிபல்தான்.

சேலத்துக் கோடையில் ஜன்னல்களை அடைத்து, விசிறியையும் நிறுத்திவிட்டு ஒரு முதியவரை உட்காரவைப்பதன் பொருளை நான் சொல்ல வேண்டியதில்லை. வீணையின் 24 மெட்டுகளும் மெழுகின்மேல் பதிந்திருப்பவை. புழுக்கத்தில் மெழுகு இளகும், சுருதி நழுவும்.

பதிவான பிறகு கணினியில் நீக்கிவிடலாமே என்று நிர்வாகக் குழுவில் ஒருவர் கேட்டார். நமக்கு வரும் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். மோட்டாரின் உறுமல் பெரும்பாலும் 100 ஹெர்ட்ஸை ஒட்டியே எழும். வீணையின் பஞ்சமம், மந்தரம், அனுமந்தரம் ஆகிய தந்திகள் ஒலிக்கும் பரப்பும் அதுவே. உறுமலை வெட்டினால் அந்தத் தந்திகளின் ஆழமும் சேர்ந்து போகும். மென்பொருளால் ஓரளவு குறைப்பதும் மாறாமல் ஒரே சீராக வரும் இரைச்சலைத்தான். பிஸ்டனின் துடிப்பும் மைக்கில் பேசும் குரலும் அப்படிப்பட்டவை அல்ல. வலிந்து நீக்கினால், நீருக்குள்ளிருந்து கேட்பதுபோல் ஒரு கலங்கல் எஞ்சி, நான் சொன்ன அந்த ரிஷபத்தையும் தின்றுவிடுகிறது.

ஏற்காட்டுக்குப் போய்ப் பதிவு செய்யுங்கள் என்றும் சொன்னீர்கள். மூட்டு வலியோடு இருப்பவரை 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து அழைத்துப் போக வேண்டும்; மலையின் குளிரிலும் ஈரத்திலும் தந்திகள் நிலைகொள்ளும்வரை திரும்பத் திரும்பச் சுருதி சேர்க்க வேண்டும். ஸ்டுடியோவில் முன்கூட்டியே நேரம் கேட்கிறார்கள். அவருடைய விரல்கள் முன்கூட்டியே நேரம் சொல்வதில்லை. ஒரு மோட்டாரை இரண்டு மணி நேரம் நிறுத்துவதைவிட இவையெல்லாம் எளிது என்று உங்களுக்குத் தோன்றியதுதான் எனக்கு வருத்தம்.

சத்தமே கூடாது என்று நான் கேட்கவில்லை. அம்மாபேட்டையிலும் கொண்டலாம்பட்டியிலும் தறிச் சத்தத்துக்கு நடுவில் குடும்பங்கள் வாழ்கின்றன, அது பிழைப்பு. ஆடியில் கோட்டை மாரியம்மன் திருவிழா வந்தால் ஊரே ஒலிக்கும். அந்த நாட்களில் நான் பதிவு வைத்துக்கொள்வதே இல்லை. ஆனால் யாருக்கும் தேவையில்லாத நேரத்தில், யாரையும் கேட்காமல் எழுப்பப்படும் சத்தத்தை எப்படி ஏற்பது? தெருவில் குப்பை போட்டால் கேள்வி கேட்கிறோம். காதில் கொட்டினால் பொறுத்துக்கொள்ளச் சொல்கிறோம். தேர்வுக்குப் படிக்கும் பிள்ளையும், இரவு வேலை முடித்துப் பகலில் உறங்குகிறவரும், நோயாளியும் வாய் திறவாமல் இருப்பதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்கிறோம். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் என்று வரம்பு வைத்திருக்கின்றன. எழுத்து மூலமான அனுமதியின்றி ஒலிபெருக்கி வைக்கக் கூடாது என்பதும் அவ்விதிகளில் உள்ளதே. அவற்றைக் கையில் பிடித்துக்கொண்டு உங்கள்மீது புகார் கொடுக்க எனக்கு விருப்பமில்லை. அண்டை வீட்டாரிடம் கேட்டுப் பெறவே விரும்புகிறேன்.

கோபம் சற்று மீறியிருந்தால் பொறுத்தருளுங்கள். கேட்பது இதுதான்: பிற்பகல் 2 முதல் 4 வரை கம்ப்ரசர் ஓடக் கூடாது, ஒலிபெருக்கியும் பேசக் கூடாது. காலையிலேயே தொட்டியை நிரப்பி வைத்தால் அந்த இரண்டு மணி நேரத்தில் எந்த வீட்டுக்கும் தண்ணீர் குறையாது. அவசரமாகப் போட வேண்டி வந்தால் முன்கூட்டி ஒரு தகவல் அனுப்புங்கள். நாங்கள் பதிவு செய்யும் நாளை மாற்றிக்கொள்கிறோம்.

மற்றொன்று. கம்ப்ரசர் நிற்கும் காங்கிரீட் மேடை என் வீட்டுச் சுற்றுச்சுவரோடு ஒட்டியிருப்பதால் அதிர்வு தரை வழியாகவும் ஏறி வருகிறது. மேடையைச் சுவரிலிருந்து பிரித்து, அடியில் கனமான ரப்பர் மெத்தைகள் வைத்து, இரும்புக் குழாயின் ஒரு பகுதிக்கு வளையும் ஹோஸ் மாட்டினால் எல்லா வீடுகளுக்குமே நிம்மதி கிடைக்கும். மெத்தைகளுக்கும் ஹோஸுக்கும் ஆகும் செலவை நானே தருகிறேன்.

அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்தில் இதை எடுத்துப் பேசி, முடிவு எதுவானாலும் அறிவிப்புப் பலகையில் எழுத்தில் போடும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். நேரம் உறுதியானதும் ஆசிரியைக்குத் தகவல் சொல்ல வேண்டும்.

இப்படிக்கு,
தொட்டிக்கு அடுத்த வீட்டில் வசிக்கும் வீணை மாணவி