பதினான்கு வரி இருந்தால் மட்டும் சானெட் ஆகிவிடாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தங்கள் ஞாயிறு பதிப்பின் மாணவர் பக்கத்தில் 'சானெட்' என்ற குறிப்போடு அவ்வப்போது வரும் கவிதைகளை விடாமல் படித்து வருகிறேன். இடைநிலைப்பள்ளிப் பிள்ளைகள் பதினான்கு அடிகளில் அமையும் இந்த ஐரோப்பிய யாப்பைத் தமிழில் எழுதிப் பார்ப்பது வரவேற்கத்தக்கதே. ஆனால் அவற்றுள் பெரும்பாலானவை பதினான்கு வரிகளை எண்ணி நிறுத்தி, வரிக்கு வரி 'மலர்கிறது', 'வளர்கிறது' என்று முடித்தவையாக இருக்கின்றன. பிள்ளைகளைக் குறை சொல்ல மாட்டேன். சொல்லிக்கொடுக்கும் எங்களிடம்தான் கோளாறு.

நான் பணியில் இருந்தபோது ஆசிரியர்களுக்கான ஒரு பட்டறையில் தரப்பட்ட தாளில் சானெட்டின் இலக்கணம் இரண்டே வாக்கியத்தில் முடிந்திருந்தது: அடிகள் 14, அடிக்கு அசை 10. நாலடிப் பகுதி மூன்று, கடைசியில் ஈரடி ஒன்று, அடியிறுதிகள் ஒன்றுவிட்டு ஒன்று ஒலி ஒத்து வர வேண்டும். 1609-இல் அச்சான ஷேக்ஸ்பியரின் 154 சானெட்டுகளுக்கு, சில விலக்குகள் நீங்கலாக, இது பொருந்தும். தமிழுக்குப் பொருந்துமா என்று அன்று யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. ஆங்கில அடி எந்த அசையை அழுத்திச் சொல்கிறோம் என்பதைக் கொண்டு நடக்கிறது. நம் அடியோ குறிலும் நெடிலும் ஒற்றும் சேர்ந்த நேரசை, நிரையசைகளால் நடக்கிறது. மேலும், தமிழில் வினைமுற்று வாக்கியத்தின் கடைசியில் வந்து நின்றுகொள்வதால் அடியிறுதி ஒலி ஒத்து வரும் இயைபு கேட்காமலே கிடைத்துவிடும். உழைப்பைக் கேட்பது அடியின் தலையில், முதற்சீர்களின் இரண்டாம் எழுத்து ஒத்து வரும் எதுகைதான்.

அப்படியானால் சானெட்டில் நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது என்ன? திருப்பம் என்பேன். 14-ஆம் நூற்றாண்டில் பெத்ரார்க் எழுதிய இத்தாலிய வடிவத்தில் முதல் எட்டடி ஒரு நிலையைச் சொல்லும். ஒன்பதாம் அடியில் எண்ணம் திரும்பி, எஞ்சிய ஆறடி வேறு பக்கம் நடக்கும். இது நம் பிள்ளைகளுக்குப் புதிதன்று. மலாய் வகுப்பில் அவர்கள் படிக்கும் நாலடிப் பந்துனில் முதல் இரண்டடி காட்சியைக் காட்ட, அடுத்த இரண்டடியில்தான் பொருள் வரும். அந்தத் திரும்புமிடத்தைத் தொட்டுக் காட்டிவிட்டுச் சானெட்டுக்குப் போனால் பாதி வேலை முடிந்துவிடும்.

மீதிப் பாதிக்குப் பாரதி இருக்கிறார். 1904-இல் 'விவேகபாநு' இதழில் வெளிவந்த 'தனிமை இரக்கம்' சரியாகப் பதினான்கு அடி கொண்டது. ஆசிரியப்பா என்ற பா வகை; அதற்கேற்ப ஈற்றயலடி, அதாவது கடைசிக்கு முந்திய அடி, மூன்று சீர். 'குயிலனாய்', 'பயில்வதில்' என்றும், 'முடம்படு', 'உடம்பொடும்' என்றும் இரண்டிரண்டு அடிகளாக எதுகை கட்டி வருகிறது. முதலடியில் காதலியை 'நின்னொடு' என்று நேரில் விளித்தவர், ஒன்பதாம் அடியில் திடுமென நாட்களை நோக்கி 'முடம்படு தினங்காள்' என்று திரும்புகிறார். அதே அடியில் அவள் 'அவளுடன்' என்று படர்க்கைக்குப் போய்விடுகிறாள். பிரிவு எவ்வளவு தூரம் என்பதை இந்த ஓர் இடமாற்றமே சொல்லிவிடுகிறது. பெத்ரார்க் திரும்பும் அதே அடி! கவிஞர் அதை எண்ணியே எழுதினாரா என்ற ஆராய்ச்சியை அறிஞர்களுக்கு விட்டுவிடுகிறேன். படிவம் 4 வகுப்பு மாணவருக்குக் கரும்பலகையில் காட்ட இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குக் கிடைக்கவில்லை.

ஓய்வுக்குப் பிறகு சனிக்கிழமைகளில் கோயில் மண்டபத்தில் சில பிள்ளைகளுக்கு இதைத்தான் செய்து பார்க்கிறேன். அவர்களில் ஒரு மாணவன், ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டப் போன தன் பாட்டியைப் பற்றி எழுதினான். முதல் படியில் பன்னிரண்டு அடி பாட்டியின் பாடு. கடைசி இரண்டடி 'உழைப்பே உயர்வு' என்ற உபதேசம். அந்த இரண்டையும் அடித்துவிட்டு, ஒன்பதாம் அடியில் யாரை நோக்கியாவது பேசு என்றேன். அடுத்த வாரம் அவன், அடுப்படிச் சுவரில் துருப்பிடித்துத் தொங்கும் வெட்டுக்கத்தியைப் பார்த்துப் பேசியிருந்தான். பால்மரம் போய்ச் செம்பனை வந்த பின் அதற்கு வேலையில்லை. மரத்துப் பால் வடியும் கிண்ணத்தைக் குறிக்கும் 'மங்கு' என்ற சொல்லுக்கு எதுகை கிடைக்காமல் அவன் தவித்திருக்கிறான். பாட்டியிடம் போய்க் கேட்க, அவர், "விடிய முன்ன தோட்டத்துல சங்கு ஊதுவாங்களே, அத எழுதேன்" என்றாராம். அவன் பிறப்பதற்கு முன்பே நின்றுபோன சங்கு அது. யாப்பு பிள்ளைகளின் கற்பனையைக் கட்டிப்போடும் என்று வாதிடும் நண்பர்களிடம் இப்போதெல்லாம் நான் இதைத்தான் சொல்கிறேன்.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். மாணவர் பக்கத்துக்குச் சானெட் அனுப்புவோரிடம், கவிதையின் கீழே, திருப்பம் எந்த அடியில், அதை ஏன் அங்கு வைத்தேன் என்று ஒரு வரி எழுதி அனுப்பும்படி கேளுங்கள். வெளியிட இடம் இல்லையென்றாலும், கேட்டால் போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இடைநிலைப்பள்ளித் தமிழாசிரியர்,
சுங்கை சிப்புட், பேராக்.