உமியும் ஊறல் தண்ணீரும்

அன்புள்ள தம்பிக்கு,

நேற்று ராத்திரி போனில் சிக்னல் விட்டு விட்டுப் போனதில் நான் சொல்ல நினைத்ததில் பாதி சொல்லவே இல்லை. அதனால் எழுதி அனுப்புகிறேன், நீளமாக இருக்கிறதே என்று பாதியில் விட்டுவிடாதே. கல்லணை திறந்து தண்ணீர் நீடாமங்கலம் வந்துவிட்டது, மூணாறு தலைப்பில் வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என்று பிரிந்து போவதை அப்பா போய் நின்று பார்த்துவிட்டு வந்தார். நம் வாய்க்காலில் இன்னும் முழங்கால் அளவுதான்.

மூன்று வாரப் படிப்புக்கு டென்மார்க் வரைக்கும் போக வேண்டுமா என்று நீ கிளம்பும்போது நான்தான் கேட்டேன். ‘நீடித்த நிலைத்த தொழில் நடைமுறைகள்’ என்று நீ பாடத்தின் பெயரைச் சொன்னபோது எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. அடுத்த வாரம் காலுண்ட்போர்க் என்ற ஊருக்குக் கூட்டிப்போகிறார்கள் என்று சொன்னாயே, அதைப் பற்றித் தேடிப் படித்த பிறகுதான் விஷயம் புரிந்தது. கோபன்ஹேகனுக்கு மேற்கே நூறு கிலோமீட்டர் போல, கடலோரத்தில் சின்ன ஊர். அங்கே எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை வீணாக எரித்துக்கொண்டிருந்த வாயுவை 1972இல் பக்கத்து ஜிப்சம் பலகை ஆலை குழாய் போட்டு வாங்க ஆரம்பித்திருக்கிறது. இன்சுலின் செய்கிற நோவோ நார்டிஸ்க் ஆலையில் மிஞ்சுகிற சக்கை 1976 முதல் வயலுக்கு உரம். மின்நிலையத்து நீராவி அதே இன்சுலின் ஆலைக்கு. அந்த மின்நிலையம் நிலக்கரிப் புகையிலிருந்த கந்தகத்தைச் சுண்ணாம்பு வைத்துப் பிடித்தபோது கிடைத்த ஜிப்சம் மறுபடியும் பலகை ஆலைக்கு. எனக்கு எது பிடித்தது தெரியுமா, யாரும் மேலே உட்கார்ந்து திட்டம் போடவில்லை. ஒருவரை ஒருவர் தெரிந்தவர்கள் இரண்டிரண்டு பேராகப் பேசி, விலை முடித்து, குழாய் போட்டிருக்கிறார்கள். அதற்குப் பெரிய பெயர் வைத்ததெல்லாம் பின்னாடிதான்.

படிக்கும்போது உன் தாத்தா கிடை பேசியதுதான், அதாவது ராத்திரி வயலில் ஆடு அடைக்கக் கூலி பேசியதுதான், ஞாபகம் வந்தது. சம்பா அறுப்பு முடிந்ததும் ராமநாதபுரம் பக்கத்திலிருந்து கீதாரிகள் ஆடு ஓட்டிக்கொண்டு வருவார்கள், நம் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து இத்தனை ஆடு, இத்தனை ராத்திரி என்று பேசுவார்கள், தாத்தா கூலியை நெல்லாக அளந்து கொடுப்பார். ஆட்டுக்குத் தாளும் புல்லும், வயலுக்குப் புழுக்கை. கிடை மறித்த வயலில் அடுத்த போகம் பயிர் கருகருவென்று நிற்கும். இப்போது அறுக்கிற மெஷின் வந்து, வைக்கோலைச் சுருட்டுகிற மெஷினும் வந்து, கட்டுக்கட்டாக லாரியில் ஏறிக் கேரளாவுக்குப் போகிறது. போன வருஷம் நம் தெருவில் ஒரே ஒருத்தர்தான் கிடை போட்டார்.

சரி, நான் சொல்ல வந்தது நெல் அவித்து அரைக்கிற நம் ஆலையைப் பற்றி.

உமி ஒரு நாளும் நமக்குக் குப்பையாக இருந்ததில்லை. நெல்லின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு உமி, அதை எரித்துத்தான் பாய்லர், அந்த நீராவியில்தான் நெல் அவிகிறது. தவிடு எண்ணெய்க்குப் போகிறது, குருணை கோழித் தீவனத்துக்கு. இதுவரைக்கும் நாமும் காலுண்ட்போர்க்காரர்கள் மாதிரிதான். மிச்சம் இரண்டு இருக்கிறது, உமி எரிந்த சாம்பலும், அவிக்கிறதுக்கு முன்னாடி நெல்லை ஊறவைக்கிற ஊறல் தண்ணீரும். சாம்பலைப் பின்னாடி பள்ளத்தில் கொட்டுகிறோம், காற்றடித்தால் பக்கத்து வீட்டுக் கொடியில் காய்கிற துணியெல்லாம் கறுப்புப் பொட்டு. தண்ணீரை வாய்க்காலில் திறந்துவிடுகிறோம். நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது மூக்கைப் பொத்திக்கொண்டு தொட்டிப் பக்கம் ஓடுவாயே, அந்த நாற்றம்தான் வாய்க்காலிலும்.

போன தைமாசம் கீழத்தெரு அக்கா ஒருத்தர் குடத்தோடு படித்துறையில் இறங்கினார், பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் மேலேறி நம் மதகைத் தாண்டி மேற்கே போய்ப் பாத்திரம் கழுவினார். நான் கணக்கு ரூம் ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். சண்டை போட்டிருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது. பதினெட்டு வருஷமாக நான்தான் இந்த ஆலைக்குக் கணக்கு எழுதுகிறேன், அந்தத் தண்ணீருக்கு ஒரு வரிகூட எழுதியதில்லை. நமக்கு அதில் செலவு இல்லை, அதனால் எழுதவில்லை. அந்தச் செலவை அந்த அக்கா நடந்து கழித்துக்கொண்டிருந்தார்.

அதனால் அங்கே போய்ப் போட்டோ மட்டும் எடுத்துக்கொண்டு வராதே தம்பி, கணக்கு கேள். முதல் குழாய்க்கு யார் பணம் போட்டார்கள், எத்தனை வருஷத்தில் திரும்பி வந்தது, விற்கிற ஆலை ஒரு மாசம் நின்றால் வாங்குகிறவன் என்ன செய்வான், ஒப்பந்தத்தில் அது எழுதியிருக்கிறதா? அந்த மின்நிலையம் இப்போது நிலக்கரியை விட்டு மரச்சில்லுக்கு மாறிவிட்டது என்று படித்தேன், அது நல்லதுதான், ஆனால் பலகை ஆலைக்கு ஜிப்சம் இப்போது எங்கிருந்து வருகிறது? இதைக் கட்டாயம் கேள். மெஷின் வந்ததும் நம் கிடை போன மாதிரி அங்கேயும் ஒன்று மாறினால் இன்னொன்று அறுந்துபோகிறதா என்று எனக்குத் தெரிய வேண்டும். கூச்சப்படாதே, உன் இங்கிலீஷ் போதும்.

அப்பாவிடம் பேசிவிட்டேன். பச்சைத் தண்ணீரில் நெல் இரண்டு மூன்று நாள் ஊறுவதால்தான் தண்ணீர் புளித்து நாறுகிறது. எழுபது டிகிரி வெந்நீரில் மூன்று நாலு மணி நேரம் ஊறினால் போதும் என்று மைசூரில் இருக்கிற உணவு ஆராய்ச்சி நிலையம் சிஎஃப்டிஆர்ஐ எப்போதோ சொல்லிக் கொடுத்துவிட்டது, பெரிய ஆலைகள் அப்படித்தான் செய்கின்றன. வெந்நீருக்கு உமி கூட வேண்டும், தொட்டி மாற்ற வேண்டும் என்று அப்பா முதலில் தலையாட்டவில்லை. நான் விடவில்லை. அந்த அக்கா நடந்ததைச் சொன்னேன், கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “குறுவை நெல் வரதுக்குள்ள ஒரு தொட்டிய மட்டும் மாத்திப் பார்ப்போம்”னு சொன்னார். வெந்நீரானாலும் ஊறிய தண்ணீர் ஊறிய தண்ணீர்தான், அதை அப்படியே வாய்க்காலில் விடக்கூடாது, அதற்கு ஒரு வழி நீ பார்த்துக்கொண்டு வா.

திங்கள்கிழமையிலிருந்து பேரேட்டில் கடைசிப் பக்கத்தில் தனியாக எழுத ஆரம்பித்திருக்கிறேன். அவித்த நெல் 4 டன். தொட்டிக்கு விட்ட தண்ணீர் 5,000 லிட்டர், திறந்துவிட்டது ஏறக்குறைய 3,500. எரித்த உமி 800 கிலோ, அள்ளிக் கொட்டிய சாம்பல் ஆறு மூட்டை, 150 கிலோவுக்குக் குறையாது. பக்கத்தைப் போட்டோ எடுத்து இதோடு அனுப்பியிருக்கிறேன், கண்ணாடி போடாமல் எழுதியது, எழுத்து கோணலாக இருக்கும். காலுண்ட்போர்க்கில் யாராவது உட்கார்ந்து பேச நேரம் கொடுத்தால் அதைக் காட்டி, இவ்வளவு சின்ன ஆலைக்கு எங்கே தொடங்கலாம் என்று கேள்.

மழைக்கோட்டு வாங்கிவிட்டாயா? பருப்புப்பொடி தீர்ந்தால் சொல்.

அம்மா